ஆம்புலன்ஸில் ஓர் உத்தியோகம்

மே மாதம் பிளஸ் டூ பரீட்சை முடிவுகள் வந்துவிட்டால் தில்லியில் நம்மவர் வீடுகளில் வேறு பேச்சே இருக்காது. பையனை எதில் சேர்ப்பது, பெண்ணை எங்கே அனுப்புவது என்பதுதான் கேள்வி. மார்க்கு நிறைய வாங்கியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அவர்கள் என்ஜினீயரிங், சி.ஏ. என்று ஏதாவது ஒரு கதவைத் தட்டுவார்கள், திறக்கும். ஐம்பது, ஐம்பத்தைந்து சதவிகிதம் வாங்கிவிட்டு, உடனே நாலு காசு சம்பாதித்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களின் பாடுதான் திண்டாட்டம். திரிலோக்புரியிலும் நரேலாவிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் இந்த ரகம்.

இவர்களைக் குறிவைத்து இப்போது ஒரு புது ரகத் துண்டுப்பிரசுரம் வருகிறது. கம்ப்யூட்டர் கோர்ஸ், ஏ.ஸி. மெக்கானிக் எல்லாம் பழசாகிவிட்டன. 'ஆறே மாதத்தில் எமர்ஜென்ஸி மெடிக்கல் டெக்னீஷியன் ஆகலாம், வேலை நிச்சயம்' என்று ஒரு ஆம்புலன்ஸ் படத்தோடு அச்சடித்திருக்கிறார்கள். மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் கையில் திணிக்கிறார்கள், மின்கம்பத்தில் ஒட்டுகிறார்கள். செல்போனிலும் வருகிறது.

அந்த உத்தியோகம் உண்மையான உத்தியோகம்; அதில் சந்தேகம் வேண்டாம். அந்த ஆறு மாதச் சான்றிதழ் உண்மையா என்பதுதான் கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இக்கட்டுரை.

வண்டியில் இருவர்

ஊரில் 108 வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டியில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் ஓட்டுநர், 'பைலட்' என்று கௌரவமாகச் சொல்கிறார்கள். மற்றவர் மருத்துவ உதவியாளர். இவரைத்தான் ஆங்கிலத்தில் ஈ.எம்.டி. என்று மூன்றெழுத்தில் குறிப்பிடுகிறார்கள். இவர் டாக்டர் அல்ல, நர்ஸும் அல்ல. ஆனால் விபத்து நடந்த இடத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் இடையே உள்ள அந்த அரை மணி நேரத்துக்கு நோயாளியின் உயிர் இவர் கையில் இருக்கிறது.

ஸ்ட்ரெச்சர் தூக்குவதுதான் இவர் வேலை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வண்டி நின்றதும் இவர் முதலில் பார்ப்பது நோயாளியை அல்ல, இடத்தை. அறுந்த மின்கம்பி கிடக்கிறதா, பெட்ரோல் கொட்டியிருக்கிறதா, பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்த பிறகே கிட்டே போக வேண்டும். உதவ வந்தவரும் விழுந்துவிட்டால் ஒரு நோயாளி இரண்டாகிவிடுவார். அப்புறம் மூச்சுக்குழல் அடைபடாமல் இருக்கிறதா, மூச்சு வருகிறதா, நாடி எப்படி, ரத்தம் எங்கிருந்து போகிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்று பட்டால் காலர் மாட்டி, பலகையில் கிடத்தி, உடம்பு வளையாமல் தூக்க வேண்டும். பிராணவாயு கொடுக்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்டுச் செய்ய வேண்டும். பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்றி வரும்போது வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டால் அதையும் இவர்தான் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓடும் வண்டியில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். கடைசியாக ஆஸ்பத்திரி டாக்டரிடம் என்ன நேர்ந்தது, என்ன செய்தோம் என்று எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். ரயில்வேயில் ஒரு டியூட்டிக்காரர் அடுத்தவரிடம் 'சார்ஜ்' ஒப்படைப்பது போலத்தான் இதுவும்.

வண்டிகளிலும் தரம் உண்டு. இந்தியாவில் ஆம்புலன்ஸ்களை ஏ, பி, ஸி, டி என்று நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகை, முதலில் போய்ச் சேர்ந்து உதவி செய்ய. இரண்டாவது, நோயாளியை வெறுமனே ஏற்றிச் செல்ல. மூன்றாவதில் அடிப்படை உயிர்காப்பு வசதி உண்டு. நான்காவதில் வென்டிலேட்டர் வரை இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்கிற தனியார் வேன்களில் சிவப்பு விளக்கு இருக்கிறது, சைரன் இருக்கிறது, உள்ளே பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. நித்தி ஆயோக்குக்காக எய்ம்ஸ் விபத்துச் சிகிச்சை மையத்தினர் நாடு முழுவதும் நூறு ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து தயாரித்த அறிக்கை 2021 டிசம்பரில் வெளிவந்தது. பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் சொந்த ஆம்புலன்ஸ் இருந்தது. அதில் போகப் பயிற்சி பெற்ற ஊழியர் இருந்தது சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிகளில்தான்.

இருபது கிலோமீட்டர்

இந்த விஷயத்தில் தில்லிக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த ஒருவரை வேகமாக வந்த கார் ஒன்று இடித்துத் தள்ளியது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு நல்ல மனிதர் அவரைத் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இது போலீஸ் கேஸ், இங்கே பார்ப்பதற்கில்லை, இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. ஹிந்துஸ்தான் டைம்ஸில் வந்த இச்செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார் பரமானந்த் கட்டாரா. 1989 ஆகஸ்டு 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் போலீஸ் சடங்குகள். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும் எந்த டாக்டரும் மறுக்கக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

டாக்டரைச் சட்டம் கட்டிப்போட்டது, சரி. ஆனால் டாக்டர் முன்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்கிறார்கள். அந்த ஒரு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிப் பேராவது பிழைத்திருப்பார்கள் என்ற டாக்டர்களின் கருத்தைச் சட்டக் கமிஷன் தன் 201ஆவது அறிக்கையில், 2006ஆம் வருஷம், எடுத்துக் காட்டியது. 2022ஆம் வருஷம் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதி எவ்வளவு என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ரயில்வேயின் பழைய சான்றிதழ்

ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் இலாகாவில் முதலுதவிச் சான்றிதழ் என்பது புதிய சமாசாரம் அல்ல. ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு (2022 முதல் இவருக்கு 'டிரெயின் மானேஜர்' என்று பெயர்) ஆகியோர் முதலுதவி கற்றிருக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. சான்றிதழ் கொடுப்பது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். ஊரில் கண்டக்டர் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கும் இந்தப் பெயர் பரிச்சயமாக இருக்கும். முதலுதவிச் சான்றிதழ் இல்லாமல் அந்த லைசென்ஸ் வராது. 'செயின்ட் ஜான் சர்ட்டிபிகேட்' கண்டக்டர் வேலைக்கான ஒரு காகிதம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

இந்த ஸ்தாபனம் இங்கிலாந்தில் 1877இல் தொடங்கியது. மறுவருஷமே பொதுமக்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். பீட்டர் ஷெப்பர்டு என்ற ராணுவ டாக்டர் அதில் முன்நின்றார். 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்கப் போர்க்களத்தில் அவர் கொல்லப்பட்டுவிட்டார். 'ஃபர்ஸ்ட் எய்டு' என்ற சொல்லே அந்த வகுப்புகளின் காலத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. சுரங்கம், ரயில்வே ஜங்ஷன் என்று ஆபத்து அதிகமுள்ள இடங்களில்தான் வகுப்புகள் சூடுபிடித்தன. உழைப்பாளிக்குத்தானே அடிபடும்!

இந்தியாவில் அதன் தலைமையகம் நம் தில்லியில்தான் இருக்கிறது. பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில், ரெட் கிராஸ் சொஸைட்டி இருக்கும் அதே வளாகம். சென்ட்ரல் செக்ரடேரியட் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். அந்தப் பக்கத்து ஆபீஸ்களில் வேலை பார்க்கும் நம் குமாஸ்தாக்கள் எத்தனை பேர் தினமும் அதைக் கடந்து போகிறார்களோ தெரியவில்லை.

முதலுதவிப் பாடமும் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. பழைய புத்தகங்களில் பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்டு, கத்தியால் கீறு என்றிருக்கும். இப்போது அதெல்லாம் கூடாது. கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், வாயால் உறிஞ்சவும் வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து விரைவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்பதுதான் பாடம். மூச்சு நின்றவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்கும் முறை ஒன்று இருந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பீட்டர் சாபர் என்ற டாக்டர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதே மேல் என்று நிரூபித்தார். அதே ஊரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 1960இல் மார்பை அமுக்கி இருதயத்தை இயக்கும் முறையைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய ஸி.பி.ஆர். மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து ஸென்டிமீட்டராவது அமுங்கும்படி, நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை. முப்பது தடவை அமுக்கி இரண்டு தடவை ஊத வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கை பழகுவது வேறு.

ரயில்வே சம்பந்தமாக ஒன்று இடையில் சொல்லிவிடுகிறேன். மின்சார ரயில் பாதையில் மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். வண்டிக் கூரை மேல் ஏறி அடிபட்டவரைத் துணியையோ குச்சியையோ வைத்து இழுக்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. கரண்டை நிறுத்தி, நிறுத்தியாயிற்று என்று ரயில்வே ஊழியர் சொன்ன பிறகுதான் கிட்டே போக வேண்டும். வீட்டுக் கரண்டுக்குச் சொல்கிற உபாயம் இதற்குச் செல்லாது.

பிட்ஸ்பர்க் பையன்கள்

முதலுதவி கற்றவர் வேறு, அதையே தொழிலாகச் செய்பவர் வேறு. இரண்டாவது தொழில் பிறந்த கதை நம் இளைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

மேலே சொன்ன டாக்டர் சாபர் பின்னர் பிட்ஸ்பர்க் நகருக்கு வந்தார். 1966ஆம் வருஷம் அவருடைய சின்னப் பெண் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். அதே வருஷம் நவம்பரில் பென்ஸில்வேனியாவின் முன்னாள் கவர்னர் டேவிட் லாரன்ஸ் ஒரு பொதுக்கூட்டத்தில் சுருண்டு விழுந்தார். அந்நாளில் அவ்வூரில் போலீஸ் வேன்தான் ஆம்புலன்ஸ். தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள், பின்னால் கவனிக்க ஆள் கிடையாது. பெரிய மனிதர் என்பதால் வேன் வேறு மாதிரியா ஓடும்? மூளைக்கு நெடுநேரம் ரத்தம் போகாததால் அவரும் பிழைக்கவில்லை.

பிட்ஸ்பர்க்கில் 'ஹில்' என்ற கறுப்பர் பேட்டை ஒன்று உண்டு. கூப்பிட்டால் போலீஸ் வேன்கூடச் சரியாக வராத இடம். அங்கே 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற சங்கம் வேலையில்லாதவர்களுக்கு வேலை தேடிக்கொடுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் சாபர் அவர்களோடு சேர்ந்து 1967இல், பேட்டையிலிருந்தே ஆட்களைப் பொறுக்கி எடுத்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் உண்டு, ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் உண்டு, 'இவனா, எதற்கும் லாயக்கில்லாதவன்' என்று ஊரார் கைகழுவியவர்களும் உண்டு. சுமார் முந்நூறு மணி நேரம் பயிற்சி கொடுத்தார். உடற்கூறு, இருதயம், மூச்சு, பிரசவம் எல்லாம். 1968இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. நகரத்தின் பணக்காரப் பகுதிகளில்கூடக் கிடைக்காத சிகிச்சை அந்த ஏழைப் பேட்டையில் கிடைத்தது என்றால் ஆச்சரியமாக இல்லையா? பின்னர் நான்ஸி கரோலைன் என்ற பெண் டாக்டர் அவர்களுக்குத் தலைமை வகித்தார். அங்கு கற்றதையெல்லாம் வைத்து அமெரிக்கா முழுமைக்கும் பாடத்திட்டம் எழுதினார்.

1975இல் நகராட்சி தானே ஆம்புலன்ஸ் நடத்தத் தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. புதிய இலாகாவில் சேர்ந்த கறுப்பு ஊழியர்களில் பலர் தேர்வு, தகுதி என்று ஏதேதோ காரணங்களால் ஓரங்கட்டப்பட்டு வெளியேறினார்கள். தொழிலைக் கண்டுபிடித்தவனிடமே சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. கீழே சொல்லப்போகும் சட்ட விஷயத்தைப் படிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

108, 102, 112

நம் நாட்டில் 108 சேவை 2005 ஆகஸ்டு 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. ஊரிலிருந்து தில்லிக்குப் புதிதாக வருகிறவர்கள் விரல் பழக்கத்தில் 108 என்றே சுற்றுகிறார்கள். இங்கே தில்லி அரசின் ஆம்புலன்ஸுக்கு எண் 102 என்பதைத் தயவுசெய்து வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான எண் 112. தில்லி சேவையின் பெயர் 'கேட்ஸ்'. 1991 முதல் தில்லி அரசின் கீழ் நடந்துவருகிறது. பேசும்போது இந்தி தடுமாறினால் பரவாயில்லை. இடத்தின் அடையாளத்தை, பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன், கோயில், தூண் எண் என்று ஏதாவது ஒன்றை, முதலில் சொல்லிவிட வேண்டும். மெட்ரோ பாலத் தூண்களில் எண் எழுதியிருப்பது எதற்கென்று யோசித்தவர்கள் குறைவு. வண்டியை வரவழைக்க அதைவிட நல்ல விலாசம் கிடையாது.

தமிழ்நாட்டு 108இல் ஆள் எடுக்கும் முறை நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது நல்லது. சமீப வருஷங்களின் அறிவிப்புகளைப் பார்த்தால், மருத்துவ உதவியாளர் பதவிக்கு நர்ஸிங், லாப் டெக்னீஷியன் போன்ற படிப்புகளோ, பி.எஸ்ஸி.யில் விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களோ தேறியிருக்க வேண்டும்; வயது 19 முதல் 30. எழுத்துத் தேர்வு, உடற்கூறும் முதலுதவியும் பற்றிய நேர்முகம் எல்லாம் உண்டு. தேர்ந்தெடுத்த பிறகு 50 நாள் பயிற்சியை அவர்களே கொடுக்கிறார்கள். அதாவது, வேலை கொடுப்பவரே கற்றுக்கொடுக்கிறார். ஓட்டுநருக்குப் பத்தாவது தேறியிருந்தால் போதும், லைசென்ஸும் பாட்ஜும் வேண்டும். பெண்களுக்கு இத்தொழில் ஆகாது என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மருத்துவ உதவியாளர்களில் பெண்கள் நிறைய. 2020 ஆகஸ்டில் வீரலட்சுமி என்பவர் 108 வண்டியின் முதல் பெண் ஓட்டுநராகவே நியமனம் பெற்றார்.

எது படிப்பு, எது காகிதம்

இப்போது துண்டுப்பிரசுரத்துக்கு வருவோம். முறையான படிப்பு என்றால் பட்டப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் 'விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம்' என்று பி.எஸ்ஸி. உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் செலவு அதிகமில்லை. தில்லியில் படித்த பிள்ளைகள் இதற்கு மனுப் போடும்போது பெற்றோர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பதற்கான நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். முடிவு வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடாமல் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது, மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் வரும் ஈ.எம்.டி. அடிப்படைப் பயிற்சி. சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்ஸில் பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. கொரோனாவின் போது, 2021 ஜூனில், ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க ஆறு வேலைகளுக்குக் குறுகிய காலப் பயிற்சியை மத்திய அரசு தொடங்கியது. அவசர சிகிச்சை உதவியும் அந்த ஆறில் ஒன்று. அது அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. ஆனால் அதைப் பார்த்துவிட்டுத்தான் தெருவுக்குத் தெரு 'டிப்ளமா' கடைகள் முளைத்துவிட்டனவோ என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது ரகம் இரண்டு நாள், மூன்று நாள் வகுப்புகள். செயின்ட் ஜான் முதலுதவி ஒன்று. அமெரிக்க இருதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்பு வகுப்பு இன்னொன்று. இதைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடத்துகிறார்கள். அந்த அட்டை இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும்; பிறகு மறுபடி தேற வேண்டும். இவை நல்ல வகுப்புகள். ஆனால் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு டெக்னீஷியன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இனி சட்டம். இந்நாட்டில் டாக்டருக்குப் பதிவேடு உண்டு, நர்ஸுக்கு உண்டு, மருந்தாளுநருக்கு உண்டு. ஆம்புலன்ஸ்காரருக்கு நாடு முழுவதற்குமான பதிவேடு நெடுங்காலம் இல்லாமலே இருந்தது. 2021 மார்ச்சில் பாராளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசியக் கமிஷன் அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் இடம்பெற்றிருக்கிறார். சட்டத்தின்படி துணைச் சுகாதாரத் தொழிலர் என்று பதிவுபெற, குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு வருஷத்தில் முடிக்கும் டிப்ளமா அல்லது பட்டம் வேண்டும். அதற்கு மேற்பட்ட சுகாதாரத் தொழிலருக்கு 3,600 மணி நேரம்.

ஆறு மாதத்தில் 2,000 மணி என்றால், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் தினம் பதினோரு மணி நேரம் படிக்க வேண்டும். அப்படியே படித்தாலும் இரண்டு வருஷம் என்ற நிபந்தனை தடுக்கிறது. வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் இரண்டு மணி நேரம் நடத்தும் வகுப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நரேலாவில் ஒரு அம்மாள் இந்தப் பிரசுரத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மதராஸி கேம்ப்பை 2025 ஜூனில் இடித்தபோது அங்கிருந்து போன குடும்பம். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளையைப் பிளஸ் டூ வரை கொண்டுவந்திருக்கிறார்.

"தம்பி, நீங்க ஆபீஸுல இருக்கிறவங்க. எழுபதாயிரம் கேக்கிறாங்க. பாதி இப்போ, பாதி பொறவு. நகையை வச்சுடலாமான்னு பாக்கிறேன்" என்றார்.

"யாரு சான்றிதழ் கொடுக்கிறாங்கன்னு கேட்டீங்களா அக்கா?"

"அவங்களேதான் கொடுப்பாங்களாம். கவர்மெண்டு முத்திரை இருக்கும்னாரு."

"எந்த ஆஸ்பத்திரில பழக்குவாங்கன்னு கேட்டீங்களா?"

"அதெல்லாம் கேக்கலை தம்பி. ஆம்புலன்ஸு வாசல்லேயே நிக்குது."

அந்த வண்டியையும் போய்ப் பார்த்தேன். சக்கரத்தில் காற்று இல்லை. பெயர் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல; ஒன்றைச் சொன்னால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்கிறது. பணம் கட்டும் முன் அந்த அம்மாளிடம் நான் கேட்கச் சொன்னது இவ்வளவுதான்: சான்றிதழில் கையெழுத்திடும் பல்கலைக்கழகம் அல்லது கவுன்ஸில் எது, மொத்தம் எத்தனை மணி நேரம், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் எத்தனை நாள், போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள். அந்தப் போன வருஷத்துப் பையன் ஒருவனோடு போனில் பேச வைக்கச் சொல்லுங்கள் என்றேன். வேலை உத்தரவாதம் என்று வாயால் சொல்பவர் அதை லெட்டர்ஹெட்டில் எழுதித் தருவாரா என்றும் கேட்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவர் பையனே போன் செய்தான். "அண்ணா, எழுதியெல்லாம் தர மாட்டாங்களாம். அம்மா நகையைத் திரும்ப உள்ளே வச்சுட்டாங்க" என்றான்.

சம்பளமும் சங்கடமும்

முறையாகப் படித்து வேலைக்குப் போனாலும் பூப்பந்தல் அல்ல. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு சாதாரணம். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒப்பந்தக்காரர் மாறினால் சம்பளத் தேதி மாறும். தில்லியிலும் தமிழ்நாட்டிலும் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சம்பளமும் வேலை உறுதியும் கேட்டு வேலைநிறுத்தம் வரை போனதுண்டு. வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் உண்டு. தில்லியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தியும் தெரியும், வீட்டில் தமிழும் தெரியும், பள்ளியில் ஆங்கிலமும் கற்றிருக்கிறார்கள். வலியில் துடிப்பவர் தன் தாய்மொழியில்தான் பேசுவார். எய்ம்ஸ் வாசலில் மொழி தெரியாமல் தவிக்கும் நம்மூர் நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்த உத்தியோகத்துக்குப் போகாதவர்களுக்கும் ஒரு செய்தி. அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. வெளிமாநிலத்தில் இருப்பவனுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. 2016 மார்ச் 30 அன்று சுப்ரீம் கோர்ட், உதவி செய்பவர்களுக்கான பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கில்லை. பெயரும் விலாசமும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நம் பாட்டுக்குப் பஸ் பிடித்து வேலைக்குப் போகலாம்.

முதலுதவி வகுப்பில் சேர விரும்புகிறவர்கள் ரெட் கிராஸ் ரோட்டில் நேரில் விசாரித்துக்கொள்வது நல்லது. கட்டணமும் நாட்களும் அவ்வப்போது மாறும். புகைப்படமும் அடையாள அட்டை நகலும் கையோடு இருக்கட்டும். எந்த வகுப்பானாலும் ஸி.பி.ஆர். பழக்க ரப்பர் பொம்மை ஒன்றைத் தரையில் கிடத்தியிருப்பார்கள். நார்வே நாட்டில் ஆஸ்மண்ட் லேர்டால் என்ற விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் 1960இல் முதன்முதலில் செய்து கொடுத்த பொம்மையின் வாரிசு அது. போதிய ஆழத்துக்கு அமுக்கினால்தான் உள்ளே 'டிக்' என்று சத்தம் வரும். மேலோடு தட்டினால் வராது. இரண்டு நிமிஷத்தில் தோள் விட்டுப்போகும், முழங்கால் தரையில் உறுத்தும். இஸ்திரி போட்ட பேண்ட்டில் போகாமல், பழைய பைஜாமாவோ கால்சட்டையோ போட்டுக்கொண்டு போவது உத்தமம்.